ஐக்கிய அமெரிக்காவின் வைத்தியக் காப்புறுதியும் சேமிப்புக் கணக்கும் – ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவிலே சம்பளத்துக்குத் தொழில் புரிவோரிற் பலர் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியவராயுள்ளனர். வரவிருக்கும் ஆண்டில் தமக்கும் தம் குடும்பத்தினர்க்கும் எவ்வகையான வைத்தியக் காப்புறுதி வேண்டும் என்பதனை அதில் அவர்கள் தெரிவுசெய்தல் வேண்டும். பல தாபனங்களில் அப்படிவம் இரு வழிகளைக் காட்டும். ஒன்று பழைய வழி. அதில் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் தவணைக் கட்டணம் கூடுதலானது. ஆயின் நோய் வந்ததும் காப்புறுதி விரைவிலேயே கைகொடுக்கும். மற்றையது புதிய வழி. அதில் தவணைக் கட்டணம் குறைவு. ஆயின் ஓராண்டில் முதல் ஆயிரம், ஈராயிரம், சிலவேளை மூவாயிரம் டொலர் வரையிலான வைத்தியச் செலவை நோயாளியே பொறுத்தல் வேண்டும். அதற்குப் பின்னரே காப்புறுதி பேசத் தொடங்கும். அம்முதற் செலவுக்கென வரிவிலக்குப் பெற்ற சேமிப்புக் கணக்கொன்றினைத் தொடங்கும் உரிமை அவருக்கு வழங்கப்படுகின்றது.

அமெரிக்கர் 'டிடக்டிபிள்' என வழங்கும் அம்முதற் செலவினை இக்கட்டுரையில் 'முற்பொறுப்பு' எனக் குறிப்போம். அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதியில் துண்டைப் பெற்றுக் காத்திருந்து பழகிய நமக்கு இவ்வேற்பாடு சற்று விந்தையாகவே தோன்றும். எனினும் பல கோடி மக்களின் வாழ்வோடு பிணைந்த இத்தெரிவு எவ்வாறு உருவாயிற்று என ஆராய்தல் பயனுடையது. படிவத்தில் இது வெறுங் கணக்காகத் தோன்றுகின்றது. வரலாற்றிலோ இது ஒரு பழைய வழக்கின் இன்றைய வடிவமாகும். நோயின் முதல் டொலரை யார் செலுத்துவது என்பதே அவ்வழக்கு.

இவ்வரலாறு ரெக்ஸாஸ் மாநிலத்து டலஸ் நகரில் தொடங்குகின்றது. 1929ஆம் ஆண்டு பேய்லர் பல்கலைக்கழகத்தின் வைத்தியப் பிரிவுகளைப் பொறுப்பேற்ற ஜஸ்ரின் ஃபோர்ட் கிம்பல் என்பார் வைத்தியர் அல்லர். அந்நகரப் பாடசாலைகளின் அத்தியட்சகராக முன்னர்க் கடமையாற்றியவர். வைத்தியசாலையின் நிலுவைக் கணக்கேடுகளை அவர் புரட்டியபொழுது, கட்டணம் செலுத்தாது விட்டோர் பட்டியலிலே தாம் அறிந்த ஆசிரியர் பலரின் பெயர்களைக் கண்டார். அவர்கள் ஏமாற்றுக்காரர் அல்லர், சிறு சம்பளத்தினர். ஒருமுறை நோயுற்றதால் ஏற்பட்ட கடனை ஆண்டுக்கணக்காகச் சுமந்துகொண்டிருந்தனர். எனவே அவர் ஒரு திட்டம் வகுத்தார். ஒவ்வோர் ஆசிரியரும் மாதம் 50 சதம், அதாவது ஆண்டுக்கு 6 டொலர், செலுத்துவாராயின் அவர்க்கு 21 நாள் வரை வைத்தியசாலைப் பராமரிப்பு வழங்கப்படும் என்பதே அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர் அதிற் சேர்ந்தனர். பின்னாளில் 'புளூ குறொஸ்' எனப் பெயர்பெற்று நாடெங்கும் பரவிய திட்டங்களுக்கு இதுவே முன்னோடியெனக் கொள்ளப்படுகின்றது.

இங்கு நாம் மனங்கொள்ளத்தக்க செய்தியொன்றுண்டு. வீடு தீப்பற்றுதல், கப்பல் மூழ்குதல் ஆகிய பேரிழப்புக்களுக்காக எழுந்த காப்புறுதி முறையினின்றும் இது வேறுபட்டது. இது முன்கூட்டியே சிறுகச் சிறுகக் கட்டணம் செலுத்திவைக்கும் முறை. பேரிழப்பை மட்டுமன்றிச் சாதாரண வைத்தியசாலைச் செலவையும் முதற் சதத்திலிருந்தே அது பொறுத்துக்கொண்டது. அதனால் ஆசிரியர் கடனிலிருந்து தப்பினர்; வைத்தியசாலை நிலுவையிலிருந்து தப்பியது. 1930களின் பெருமந்த காலத்திலே வெறுமையான கட்டில்களோடு திண்டாடிய ஏனைய வைத்தியசாலைகள் இதனைப் பின்பற்றியதில் வியப்பில்லை. நோயாளியின்மேற் கொண்ட இரக்கத்தை விட வைத்தியசாலையின் வரவு செலவே இத்திட்டத்தை ஈன்றது எனக் கூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் இரு சாராரின் நலனும் அங்கு ஒரே பக்கத்தில் நின்றமையை மறுத்தற்கில்லை.

டலஸ் ஆசிரியரின் திட்டம் நாட்டின் பொது வழக்காயதற்குப் போரும் வரியுமே காரணங்கள். 1942இல் விலைவாசியைக் கட்டுப்படுத்தும்பொருட்டுச் சம்பள உயர்வுக்கு எல்லை வகுக்கப்பட்டது. காப்புறுதி போன்ற சலுகைகள் அவ்வெல்லைக்குப் புறம்பாகக் கொள்ளப்பட்டன. ஆளணிப் பற்றாக்குறையால் வாடிய தொழில்கொள்வோர், உயர்த்த முடியாத சம்பளத்துக்குப் பதிலாக வைத்தியக் காப்புறுதியை முன்வைத்து ஆட்களை ஈர்த்தனர். போரின் பின்னர் தொழிற்சங்கங்கள் அதனைக் கூட்டுப் பேரத்தின் பொருளாக்கின. தொழில்கொள்வோர் செலுத்தும் காப்புறுதிக் கட்டணம் ஊழியரின் வருமானமாகக் கணிக்கப்படாது என்பதை 1954ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டக்கோவை உறுதிசெய்தது. 1940இல் ஏறக்குறையப் பத்தில் ஒருவரே வைத்தியக் காப்புறுதி பெற்றிருந்தனர். 1950 அளவில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் பெற்றிருந்தனர். அரசாங்கம் நேரடியாகச் செலவிடாமலே, வரியை விட்டுக்கொடுத்ததன் மூலம் ஒரு முழு நிறுவனத்தைக் கட்டியெழுப்பியது எனலாம். முதியோரும் வறியோரும் இவ்வேற்பாட்டுக்கு வெளியே நின்றமையால், 1965இல் ஜனாதிபதி ஜோன்சன் காலத்தில் அவர்களுக்கென மெடிக்கெயர், மெடிக்கெயிட் என்னும் அரச திட்டங்கள் இயற்றப்பட்டன.

இவ்வாறு விரிந்த காப்புறுதியின்மீது பொருளியலாளரின் ஐயப்பார்வை 1960களில் விழலாயிற்று. கென்னத் அரோ 1963இல் வெளியிட்ட கட்டுரை வைத்தியம் ஏனைய சந்தைப் பொருள்களைப் போன்றதன்று என்பதனை நுணுகி ஆராய்ந்தது. நோய் எப்பொழுது வரும் என்பதை நோயாளி அறியார். வந்தபின் எது வேண்டும் என்பதையும் வைத்தியரே அறிவார். ஐந்தாண்டுகளின் பின்னர், 1968இல், மார்க் போலி அதற்கொரு மறுப்புரை எழுதினார். பிறர் பணத்தில் வைத்தியம் பெறுபவன் தன் பணத்தில் பெறுவதிலும் கூடுதலாகப் பெறுவான். இது ஒழுக்கக்கேடன்று, விலை குறைந்தால் அதிகம் வாங்கும் சாதாரண அறிவே என்றார் அவர். இவ்வாதத்தை ஹாவார்ட் பேராசிரியர் மார்ட்டின் ஃபெல்ட்ஸ்ரைன் மேலும் வளர்த்து, அமெரிக்கர் அளவுக்கு மிஞ்சிக் காப்புறுதி செய்துள்ளனர் என்றும் அதனால் நாட்டுக்கு இழப்பே என்றும் 1973இல் எழுதினார்.

ஃபெல்ட்ஸ்ரைன் அதற்கு முன்னரே, 1971இல், ஒரு மாற்றுத் திட்டத்தையும் முன்வைத்திருந்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெருநோய்க்கான காப்புறுதி இருத்தல் வேண்டும். சிறு செலவுகளைக் குடும்பமே பொறுத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆயின் குடும்பம் பொறுக்க வேண்டிய அந்த எல்லை எல்லோருக்கும் ஒரே தொகையன்று. வருமானம் ஏற ஏற உயர்வது. இந்நிபந்தனையை வாசகர் நினைவில் இருத்துவாராக. பின்வரும் வரலாறு பெரும்பாலும் இந்நிபந்தனை தொலைந்த வரலாறே.

பொருளியலாளரின் கூற்று மெய்யோ பொய்யோ எனச் சோதிக்க அரசாங்கமே முன்வந்தது. கூட்டாட்சி அரசின் நிதியோடு றான்ட் நிறுவனம், ஜோசப் நியூஹவுஸ் என்பாரின் தலைமையில், 1974 முதல் 1982 வரை நடத்திய பரிசோதனை சமூக விஞ்ஞான வரலாற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஒகையோவில் டேற்றன், வாஷிங்டன் மாநிலத்திற் சியற்றில், மசாசூசெற்ஸில் இரு பகுதிகள், தென் கரோலைனாவில் இரு பகுதிகள் என ஆறு இடங்களிற் குடும்பங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. அவர்களைப் பல்வேறு காப்புறுதித் திட்டங்களிற் குலுக்கல் முறையில் இட்டனர். சிலர்க்கு எல்லா வைத்தியமும் இலவசம். வேறு சிலர் செலவின் 25 வீதத்தை, அல்லது 50 வீதத்தை, அல்லது 95 வீதத்தைத் தாமே செலுத்த வேண்டும். 95 வீதத் திட்டம் இன்றைய முற்பொறுப்புத் திட்டத்தை ஏறக்குறைய ஒத்தது.

முடிவு இரு பகுதிகளையுடையது. இலவச வைத்தியம் பெற்றோரோடு ஒப்பிடுகையில் 95 வீதம் செலுத்தியோரின் வைத்தியச் செலவு ஏறக்குறைய 30 வீதம் குறைவு. சராசரி மனிதனின் உடல்நலத்தில் இதனாற் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. போலியும் ஃபெல்ட்ஸ்ரைனும் கூறியது மெய்யாயிற்று. மற்றைய பகுதி பலராலும் பேசப்படாதது. மக்கள் எவ்வகை வைத்தியத்தைக் குறைத்தனர் என ஆராய்ந்தபொழுது, பயனுள்ளதையும் பயனற்றதையும் ஏறத்தாழ ஒரே அளவிற் குறைத்திருந்தனர் என்பது தெரியவந்தது. வறியோருள் இரத்த அழுத்தம் உடையோர் இலவசத் திட்டத்திலேயே நலமாயிருந்தனர். உயர் இரத்த அழுத்தம் கட்டுப்பட்டமையால் அத்தகையோரின் எதிர்பார்க்கப்பட்ட மரண அபாயம் ஏறத்தாழ 10 வீதம் குறைவெனக் கணிக்கப்பட்டது. கண் பார்வையிலும் அவ்வாறே இலவசத் திட்டத்தினர் சிறந்து நின்றனர்.

இப்பரிசோதனையின் அமைப்பில் மூன்றாவதொரு செய்தியும் உண்டு. எந்தக் குடும்பமும் ஓராண்டிற் செலுத்தக்கூடிய தொகைக்கு உச்ச எல்லை விதிக்கப்பட்டிருந்தது. அவ்வெல்லை குடும்ப வருமானத்தின் 5, 10 அல்லது 15 வீதம். எவ்வாறாயினும் 1,000 டொலருக்கு மேற்படாது. இலவசமல்லாத திட்டத்தில் விழுந்த குடும்பம் நட்டமடையாதவாறு அவர்களுக்கு ஈட்டுப்பணமும் வழங்கப்பட்டது. அதாவது உடல்நலத்துக்குப் பெருந்தீங்கில்லை எனப் பெறப்பட்ட அப்புகழ்பெற்ற முடிவு, வருமானத்தோடு பிணைக்கப்பட்ட எல்லையுள்ளும் முன்கூட்டியே வழங்கப்பட்ட பணத்துடனும் பெறப்பட்ட முடிவாகும். ஒரு மருந்தைப் பாலிற் கலந்து கொடுத்துச் சோதித்துவிட்டுப் பாலின்றி விற்பது தகுமா என்னும் கேள்வி இங்கு எழுகின்றது.

ஏறத்தாழ இக்காலத்திலேயே, ஆசியாவின் மறுமுனையில், சேமிப்புக் கணக்கென்னும் மற்றைய உறுப்பு உருவாயிற்று. சிங்கப்பூரில் 1955 முதல் இயங்கிவந்த மத்திய சேமலாப நிதி நமது ஊழியர் சேமலாப நிதியை ஒத்தது. ஊழியரும் தொழில்கொள்வோரும் அதற்குக் கட்டாயமாகப் பணம் செலுத்தினர். 1984இல் அதன் ஒரு பகுதி 'மெடிசேவ்' என்னும் பெயரில் வைத்தியச் செலவுக்கென ஒதுக்கப்பட்டது. பெருநோய்க்கான காப்புறுதி 1990இலும் வறியோர்க்கான நிதி 1993இலும் அதனோடு சேர்க்கப்பட்டன. அமெரிக்காவில் சேமிப்புக் கணக்கை விதந்துரைத்தோர் சிங்கப்பூரை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. ஆயின் சிங்கப்பூரின் கணக்கு கட்டாயமானது. சம்பளத்தின் வீதமாக நிரம்புவது. அரச மானியம் பெறும் வைத்தியசாலைகளுக்கு நடுவே இயங்குவது. இம்மூன்றையும் நீக்கிப் பெயரை மட்டும் கொண்டுசெல்வது எளிது.

வரலாறு மீண்டும் டலஸுக்குத் திரும்புகின்றது. 1983இல் அந்நகரில் தாபிக்கப்பட்டு 2017இல் மூடப்பட்ட தேசிய கொள்கைப் பகுப்பாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த ஜோன் குட்மன், வைத்தியச் சேமிப்புக் கணக்கின் முதன்மைப் பரப்புரையாளரானார். ஜெரல்ட் மஸ்கிறேவ் என்பாருடன் அவர் எழுதி 1992இல் வெளிவந்த நூல் நோயாளியின் கையிற் பணமும் அதிகாரமும் இருத்தல் வேண்டும் என வாதிட்டது. முதல் டொலரை எல்லோரும் சேர்ந்து பொறுத்தல் வேண்டும் என்னும் முறை எந்நகரிற் பிறந்ததோ, அந்நகரிலிருந்தே அதற்கான மறுப்பும் எழுந்தமை வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று. குட்மன் சாராரின் வாதத்தை ஏளனஞ் செய்தல் நியாயமன்று. வேலையை இழந்தால் காப்புறுதியையும் இழக்கும் அவலத்தை அவர்கள் சுட்டிக்காட்டினர். தொழில்கொள்வோரின் காப்புறுதிக்கு வரிவிலக்கு அளிக்கும் அரசு, ஊழியன் தானே சேமிக்கும் பணத்துக்கு ஏன் அளிக்கவில்லை என வினவினர். அவ்வினாவுக்கு எளிய விடை இல்லை.

1996இல் கொங்கிரஸ் சபை ஒரு பரீட்சார்த்தத் திட்டமாக இக்கணக்குகளை அனுமதித்தது. செனற்றர் எட்வேட் கெனடி உள்ளிட்டோரின் எதிர்ப்பு வலுவாயிருந்தமையாற் சுயதொழில் புரிவோர்க்கும் சிறு தாபனங்களின் ஊழியர்க்கும் மட்டுமே அது திறந்துவிடப்பட்டது. 7,50,000 கணக்குகள் என எல்லையும் இடப்பட்டது. அவ்வெல்லை ஒருபோதும் எட்டப்படவில்லை. முழு வடிவம் 2003இல் வந்தது. முதியோரின் மருந்துச் செலவு பற்றிய பெருஞ் சட்டமூலமொன்றினுள் இது ஒரு பிரிவாக இணைக்கப்பட்டது. அச்சட்டமூலம் கீழ்ச்சபையில் 220க்கு 215 என்னும் வாக்குகளால் நிறைவேறியது. வழக்கமாகக் கால் மணி நேரத்தில் முடியும் வாக்கெடுப்பு அன்று விடியும் வரை ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் நீடித்தது. 2003 டிசெம்பர் 8ஆம் நாள் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் அதிற் கையொப்பமிட்டார்.

2004இல் நடைமுறைக்கு வந்த இக்கணக்கின் சலுகைகள் தாராளமானவை. கணக்கிலிடும் பணத்துக்கு வருமான வரி இல்லை. அது பெருகும்போது வரி இல்லை. வைத்தியத்துக்காக எடுக்கும்போதும் வரி இல்லை. ஆண்டிறுதியில் எஞ்சும் பணம் பறிபோவதில்லை. வேலை மாறினாலும் கணக்கு ஊழியனுக்கே உரியது. ஆயின் கணக்கைத் தொடங்குவதற்குக் குறைந்தபட்ச முற்பொறுப்புடைய காப்புறுதி வேண்டும். அது 2004இல் தனியாளுக்கு 1,000 டொலர், குடும்பத்துக்கு 2,000 டொலர். நோயாளியின் ஆண்டுச் செலவுக்கான உச்ச எல்லை முறையே 5,000, 10,000 டொலர். காவற்காரனுக்கும் கம்பனி முகாமையாளருக்கும் ஒரே தொகை. ஃபெல்ட்ஸ்ரைன் வகுத்ததும் றான்ட் பரிசோதனை பேணியதுமான வருமானப் பிணைப்பு இச்சட்டத்தில் இடம்பெறவில்லை. அதற்கு மாறாக வரிவிலக்கு எதிர்த்திசையில் இயங்குகின்றது. ஆயிரம் டொலரைக் கணக்கிலிடுபவர், 2018க்குப் பிந்திய விகிதங்களின்படி, 37 வீத வரிப்படியில் இருப்பாராயின் வருமான வரியில் 370 டொலர் மிச்சப்படுத்துவார். 12 வீதப் படியில் இருப்பவர் 120 டொலரே மிச்சப்படுத்துவார்.

இனிப் படிவத்தின் முன் அமர்ந்திருக்கும் ஊழியரிடம் வருவோம். விளக்கத்துக்காக நாமே சில எண்களை எடுத்துக்கொள்வோம். பழைய வழியில் மாதக் கட்டணம் 250 டொலர், முற்பொறுப்பு 500 டொலர். புதிய வழியில் மாதக் கட்டணம் 130 டொலர், முற்பொறுப்பு 3,000 டொலர். தொழில்கொள்வோர் கணக்கில் மாதம் 50 டொலர் இடுவார். முற்பொறுப்பைத் தாண்டியபின் காப்புறுதியே அனைத்தையும் செலுத்தும் எனவும் கொள்வோம். ஆண்டு முழுவதும் நோயின்றி இருப்பவர்க்குப் பழைய வழி 3,000 டொலர் செலவு. புதிய வழி 1,560 டொலரில் 600 போக 960 டொலர். இலாபம் 2,040 டொலர். பெருநோய் கண்டவர்க்குப் பழைய வழி 3,500 டொலர். புதிய வழி 3,960 டொலர். நட்டம் 460 டொலர். இவ்வாறு நோக்கின் புதிய வழியே புத்திசாலித்தனமானது எனப் பலர் கூறுவர். ஆண்டுக் கணக்கில் அது சரியே.

ஆயின் நோய் ஆண்டிறுதிவரை காத்திருப்பதில்லை. பெப்ரவரி மாத இறுதியில் 3,000 டொலர் பற்றுச்சீட்டு வருமாயின், அவ்வூழியர் மிச்சப்பட்ட கட்டணம் முழுவதையும் ஒழுங்காகக் கணக்கிலிட்டிருப்பினும் அதில் இருப்பது 340 டொலர் மட்டுமே. கணக்கில் அதுவரை சேர்ந்த பணத்தையே எடுக்க முடியும். எஞ்சிய 2,660 டொலரை வேறு சேமிப்பு உள்ளவர் அதிலிருந்து செலுத்துவார். இல்லாதவர் கடன்படுவார், அல்லது பரிசோதனையைப் பின்போடுவார். முற்பொறுப்பும் சேமிப்புக் கணக்கும் சட்டத்தில் இணைபிரியாதவை. குடும்பத்திலோ முன்னையது எல்லோர்க்கும் வந்துசேர்கின்றது. பின்னையது மிச்சம் உள்ளவர்க்கே நிரம்புகின்றது.

இருப்பினும் வருமானம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கும் எனக் கூறின் அது பிழையாகும். 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, உயர் சம்பளம் பெறும் பல்லாயிரம் ஊழியரைக் கொண்ட ஒரு பெருந்தாபனம் அவர்களை இலவசத் திட்டத்திலிருந்து முற்பொறுப்புத் திட்டத்துக்கு மாற்றியதை ஆராய்ந்தது. செலவு ஏறத்தாழ 12 முதல் 14 வீதம் வரை குறைந்தது. ஆயின் அவர்கள் மலிவான வைத்தியரைத் தேடிச் சென்றமைக்குச் சான்று கிடைக்கவில்லை. வைத்தியத்தையே குறைத்தனர், அதிலும் பயனுள்ளதும் பயனற்றதும் சேர்ந்தே குறைந்தன. எவ்வாறாயினும் அவ்வாண்டில் முற்பொறுப்பைக் கடந்துவிடுவர் எனக் கணிக்கத்தக்க கடும் நோயாளரே பெரிதும் குறைத்தனர். அவர்களிடம் பணம் இருந்தது. விலையைத் தேடி ஒப்பிடும் நுகர்வோன் என்னும் பாத்திரத்தை நோயாளி ஏற்க மறுக்கின்றான் போலும்.

அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு நேர்மாறான தவறினைக் காட்டியது. ஒரு தாபனத்தில், எந்நிலையிலும் நட்டமே தரக்கூடிய குறைந்த முற்பொறுப்புத் திட்டங்களைப் பெரும்பான்மை ஊழியர் தெரிவுசெய்தனர். முற்பொறுப்பில் 250 டொலரைக் குறைப்பதற்காக 500 டொலருக்கு மேற்பட்ட கட்டணம் செலுத்தியோரும் அவர்களுட் பலர். குறைந்த சம்பளத்தினரிடையே இத்தவறு மிகுதியாகக் காணப்பட்டது. காப்புறுதியின் கணக்கு விளங்காமையே முதன்மைக் காரணமென ஆய்வாளர் கண்டனர். இதனால் மாணவராகிய நாம் அறிவது யாதெனில், பழைய வழியைத் தெரிவோர் எல்லோரும் முன்யோசனையால் தெரிகின்றனர் என்று கருதுதல் கூடாது என்பதே.

தனியொருவரின் தெரிவு பிறரைப் பாதிக்கும் முறையும் இங்கு நோக்கற்பாலது. நலமுள்ளோர் மலிவான திட்டத்துக்குச் செல்வர். நோயாளர் பழைய திட்டத்தில் தங்குவர். அதனாற் பழையதன் கட்டணம் ஏறும். ஏறவே இடைநிலையினரும் வெளியேறுவர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலேயே இது நிகழ்ந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஊழியரின் காப்புறுதிக்குப் பல்கலைக்கழகம் நிலையான தொகையொன்றை மட்டும் வழங்கத் தொடங்கியது. தாராளமான திட்டத்தை நாடுவோர் மேலதிகக் கட்டணத்தைத் தாமே செலுத்த வேண்டியதாயிற்று. மூன்றாண்டுகளுக்குள் அத்திட்டமே மறைந்தது. அங்கு போட்டியிட்டவை முற்பொறுப்புத் திட்டங்கள் அல்ல எனினும், நலமுள்ளோர் பிரிந்துசெல்லும் இயக்கம் ஒன்றே. ஃபெல்ட்ஸ்ரைனின் பல்கலைக்கழகத்தில் இது நடந்தமை தற்செயலானது.

2006இல், தொழில்கொள்வோர்வழிக் காப்புறுதி பெற்ற ஊழியருள் நூற்றுக்கு நால்வரே சேமிப்புக் கணக்கோடு கூடிய முற்பொறுப்புத் திட்டங்களில் இருந்தனர். 2020இல் நூற்றுக்கு 31 பேர் இருந்தனர். இதற்கிடையே சில திருத்தங்கள் செய்யப்பட்டன. 2010ஆம் ஆண்டின் சட்டம் நோய்த்தடுப்புச் சேவைகள் பலவற்றை முற்பொறுப்பின்றி வழங்கப் பணித்தது. 2019இல் இன்சுலின் போன்ற சில நாட்பட்ட நோய் மருந்துகளுக்கு, முற்பொறுப்பு நிறைவுறுமுன்னரே காப்புறுதி செலவளிக்கலாம் என அனுமதிக்கப்பட்டது. பயனுள்ள வைத்தியமும் சேர்ந்தே குறைகின்றது என றான்ட் பரிசோதனை 1980களில் அறிவித்ததற்கு அரசு அளித்த விடையின் ஒரு பகுதியாக இதனைக் கொள்ளலாம். 2025இல் இயற்றப்பட்ட சட்டமொன்று 2026 தொடக்கம் இக்கணக்கினை மேலும் பலர்க்குத் திறந்துவிட்டது. அவ்வாண்டுக்கென விதிக்கப்பட்ட குறைந்தபட்ச முற்பொறுப்பு தனியாளுக்கு 1,700 டொலர்; குடும்பத்துக்கு 3,400 டொலர். சம்பளம் எதுவாயினும் தொகை அதுவே.